பேமிலி ரூமில் ஒரு வெங்காய ஊத்தப்பம்

அந்தக் காலத்து ஹோட்டல்களில் பாதிக் கதவு என்று ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கிக் கழுத்தோடு முடிந்துவிடும். உள்ளே இருப்பவரின் கால் தெரியும். எழுந்து நின்றால் தலை தெரியும். நடுவில் அவர் என்ன செய்கிறார் என்பது மட்டும் தெரியாது. ‘பேமிலி ரூம்’ என்று எழுதிய அறைகளுக்கெல்லாம் அந்தக் கதவுதான்.

திருச்சியில் தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலில், அப்படிப்பட்ட ஒரு கதவுக்கு முன்னால் நான் நிற்கிறேன். கையில் கைக்குட்டை. நெற்றியைத் துடைக்கிறேன், துடைக்கிறேன், துடைத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குப் பின்னால் என் மனைவி கோமளா, புடவைத் தலைப்பைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, வெளுத்த முகத்தோடு நிற்கிறாள்.

“ஏன்னா, உள்ளே போறேளா, இல்லே நான் முன்னாடி போகட்டுமா?”

“இரு. தெரிஞ்சவா யாராவது இருக்காளான்னு பாக்கறேன்.”

“நீங்க இப்படி நின்னு பாத்துண்டிருந்தா, தெரியாதவா கூடத் தெரிஞ்சுண்டுடுவா.”

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் குடும்ப வாழ்க்கையில் அது ஒரு வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

போன வாரம், எங்கள் கல்யாண ஊர்வலத்தில் கார் நின்றுபோய் மாப்பிள்ளையே இறங்கித் தள்ளிய கதையைப் படித்துவிட்டு, ‘அந்தப் பெண் உங்களை நம்பி எப்படி வந்தாள்?’ என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். கோமளாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இது அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் நடந்தது. ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தலைகாட்டிய சமயம்.

பேமிலி ரூம் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்போம். நான் ஏன் நெற்றியைத் துடைத்தேன் என்பதைச் சொல்லிவிட்டு உள்ளே போகலாம்.

பெயர் சொல்லாத வஸ்து

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் எங்கள் வீடு. வெங்காயம் எங்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை. பூண்டும் அப்படியே. முள்ளங்கி ஒரு தடவை தவறுதலாக வந்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று. வெங்காயம் என்ற பெயரையே என் அம்மா வாயால் சொல்ல மாட்டாள். ‘அந்த வஸ்து’ என்பாள். சொன்ன பிறகு வாயைக் கொப்பளித்தாலும் கொப்பளிப்பாள்.

அப்பா இன்னும் ஒரு படி மேலே. வெளியில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ரயிலில் போனால் கூஜாவில் வீட்டுத் தண்ணீர் கூடவே போகும். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிட்டயரான பிறகு, சனிக்கிழமை தோறும் திருச்சியில் ஒரு சிநேகிதர் வீட்டில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டிக்குப் போய்வருவார். அங்கேகூட ஒரு வாய் காபி சாப்பிட மாட்டார் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

“கோஷ்டி முடிஞ்சு எத்தனை நாழியானாலும் வயித்தைக் காயப்போட்டுண்டு ஆத்துக்கு வந்துடுவார். வந்தாலும் ராத்திரி ஒரு வாய் மோர் சாதம்தான். அப்படி ஒரு வைராக்கியம்!”

அந்த வைராக்கியசாலிக்குப் பிறந்த பிள்ளை நான்.

உள்ளே இன்னொன்று

எனக்கு முதல் வெங்காயத்தை அறிமுகம் செய்தவர் இப்ராஹிம். கண்டோன்மெண்டில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஆபீஸில் அடுத்த நாற்காலி. கோட்டைப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். என் தயிர் சாத டப்பாவைத் தினமும் பார்த்துப் பார்த்து அவருக்கே சலித்துவிட்டது.

“என்னப்பா சீனு, உனக்குக் காய்ச்சலா? தினம் பத்தியச் சாப்பாடாவே இருக்கு. எழுந்திரு, இட்லி சாப்பிட்டுட்டு வரலாம்.”

ஆபீஸுக்கு எதிரில் ஒரு காபி கிளப்பு. இட்லி வந்தது. அதன் மேலே வெள்ளமாகச் சாம்பார். அதில் சின்னதாக, உருண்டையாக, பளபளப்பாக ஒன்று மிதந்தது. ஏதோ சுண்டைக்காய் ஜாதி என்று நினைத்துக் கடித்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளேயிருந்து இன்னொன்று வந்தது. அதைக் கடித்தேன். அதற்குள்ளிருந்தும் ஒன்று வந்தது.

“அண்ணே, இது என்ன காய்? கடிக்கக் கடிக்க குட்டி போட்டுண்டே இருக்கு?”

இப்ராஹிம் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. “வெங்காயம்ப்பா. பயப்படாதே, நீ உங்க சாமி பேரைச் சொல்லிக்கோ, நான் பிஸ்மில்லா சொல்லிக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே முழுங்குவோம்.”

முழுங்கினேன். பூமி பிளக்கவில்லை. இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு வந்த கஷ்டம் இரண்டு. ஒன்று நெற்றி, மற்றொன்று வாய்.

எங்கள் ஊர் வாலிபர்கள் நெற்றியில் சிவப்பாக ஒற்றைக் கோடு இட்டுக்கொண்டு வேலைக்குப் போவோம். ஹோட்டலுக்குள் நுழையும்போது, ஸ்ரீரங்கத்துக்காரன் என்று தெரியக்கூடாதே என்று அதைத் துடைத்துக்கொள்வோம். அதுதான் தப்பு. அந்தக் கோடு துடைத்தால் அழியாது. நெற்றி முழுக்கப் பரவும். ஆகவே திருச்சி ஹோட்டல்களில் சிவந்த நெற்றியோடு குனிந்த தலையோடு யார் உட்கார்ந்திருந்தாலும், சர்வர் தூரத்திலேயே “ஸ்ரீரங்கத்துக்கு ஒரு வெங்காய ரவா!” என்று குரல் கொடுத்துவிடுவார். துடைக்காமலே போயிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இந்த யோசனை எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வாய்க்கு ஏலக்காய். காவிரிப் பாலம் வருவதற்குள் மென்று முடித்துவிட வேண்டும். சாயந்திரம் ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால், பஸ் முழுக்கக் கல்யாணப் பாயசம் மாதிரி மணக்கும். எதிர் சீட்டில் பக்கத்து வீட்டு ராஜு மென்றுகொண்டிருப்பான். நானும் மென்றுகொண்டிருப்பேன். இரண்டு பேரும் ஜன்னல் வழியாகக் காவிரியையே பார்த்துக்கொண்டு வருவோம்.

கோமளா சாப்பிடவில்லை

கோமளா பொன்மலைப் பெண். அவள் அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. எங்கள் ஜாதிதான், எங்கள் ஆசாரம்தான், ஆனால் காலனியில் பல மாதிரி மனுஷர்களோடு பழகிய குடும்பம். சம்பளம் வந்த மறுநாள் குடும்பத்தோடு தெப்பக்குளத்து ஹோட்டலுக்குப் போவார்கள். சட்டமாக பேமிலி ரூமில் உட்கார்ந்து வெங்காய ஊத்தப்பம் சாப்பிட்டுவிட்டு, சட்டமாக வீட்டுக்குப் போவார்கள். துடைக்கிறதும் இல்லை, மெல்லுகிறதும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டாள். அம்மாவின் சமையலை, எங்கள் வழக்கத்தில் தளிகை என்போம், அந்தத் தளிகையை வீதியே புகழும். கோமளாவும் புகழ்ந்து சாப்பிட்டாள்.

பிறகு அவளுக்கு மசக்கை வந்தது.

எல்லாருக்கும் வருகிற மசக்கை இல்லை. பெருங்காயம் பொரிகிற வாசனை வந்தால் கிணற்றடிக்கு ஓடினாள். நெய் காய்ந்தால் ஓடினாள். துவாதசியன்று அம்மா அகத்திக்கீரையை அடுப்பில் ஏற்றியதும், அவள் ஓடக்கூடத் தெம்பில்லாமல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா நெல்லிக்காய், நார்த்தங்காய், இஞ்சி, சுட்ட அப்பளம் என்று ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துப் பார்த்தாள். எதுவும் நிற்கவில்லை. கையில் வளையல் முழங்கை வரைக்கும் நழுவியது. நாலாம் மாதத்தில் வயிறு தெரிய வேண்டிய பெண்ணுக்குக் கழுத்தெலும்புதான் தெரிந்தது.

லேடி டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தாள். அதுவும் நிற்கவில்லை. “எப்படியாவது சாப்பிட வைங்க. இப்படியே போனா தாங்காது” என்றாள்.

கோமளாவின் அப்பா வந்து பார்த்தார். சட்டென்று கண் கலங்கிவிட்டது அவருக்கு. “வெள்ளிக்கிழமை வரேன். பொன்மலைக்கு அழைச்சிண்டு போயிடறேன். தப்பா நெனச்சுக்காதீங்கோ” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீடு போவது வழக்கம்தான். ஆனால் அதற்கு வளைகாப்பு ஆக வேண்டும், நாள் பார்க்க வேண்டும். நாலாம் மாதத்திலேயே எலும்பும் தோலுமாகப் போனால், வீதியில் என்ன பேசுவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். அதைவிட அவளை அரித்தது வேறு. அன்று சாயந்திரம் அடுப்பங்கரையில் விளக்கை ஏற்றிவிட்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்:

“என் கைத் தளிகை அவளுக்கு ஆகலே போலிருக்கு.”

அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் கிணற்றடியில் கோமளா வாய் கொப்பளித்துவிட்டுத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் சொம்போடு நின்றேன். அந்த மாதிரி சமயங்களில் புருஷனுக்குக் கொடுக்கப்படுகிற உத்தியோகம் அதுதான்.

“என்னதான் வேணும் உனக்கு? வாய்விட்டுச் சொல்லு. எதுவானாலும் வாங்கிண்டு வரேன்.”

 அவள் தலையைக் குனிந்துகொண்டு, “சொன்னா கோச்சுக்கப்படாது. தெப்பக்குளத்து ஹோட்டல்லே ஒரு வெங்காய ஊத்தப்பம் கெடைச்சா சாப்பிட்டுடுவேன்னு தோணறது. நெனச்சாலே நாக்குலே ஜலம் ஊறறது. பொட்டலம் கட்டிண்டு வந்தா வேண்டாம், நமுத்துப் போயிடும். அங்கே போய்த்தான் சாப்பிடணும்” என்றாள்.

அடுப்பங்கரை ஜன்னல் கிணற்றடியைப் பார்த்துத்தான் இருக்கிறது. அது எனக்கு அப்போது நினைவில்லை.

அன்று புதன்கிழமை. “லேடி டாக்டர்கிட்டே இன்னொரு தடவை காட்டிண்டு வரேம்மா” என்று அம்மாவிடம் சொன்னேன். பொய் சொல்லும்போது என் காது மடல் சிவக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா என் காதைப் பார்க்கவே இல்லை.

“நல்லதாப் போச்சு. நானும் உங்கப்பாவும் உறையூர் நாச்சியாரைச் சேவிச்சுட்டு வரோம். இவளுக்காக வேண்டிண்டிருக்கேன்” என்றாள்.

நல்ல வேளை, வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், வாசனையோடு திரும்பி வந்தாலும் ஆபத்தில்லை என்று நான் பெருமாளுக்கு நன்றி சொன்னேன்.

பக்கத்து அறை

இப்போது பேமிலி ரூமுக்குள் போகலாம்.

ஒரு மார்பிள் மேஜை. இரண்டு பக்கமும் பெஞ்சு. நாலு சுவரில் ஒன்று சுவரே இல்லை, மரத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னொரு அறை. தடுப்பு கூரைவரைக்கும் போகவில்லை. அந்தப் பக்கத்துக் காபி வாசனையும் பேச்சும் தாராளமாக இந்தப் பக்கம் வரும்.

சர்வர் வந்தார். தோளில் துண்டு. என் நெற்றியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

“ஒரு வெங்காய ஊத்தப்பம்” என்று கோமளாவே சொன்னாள். “நன்னா முறுக விட்டுக் கொண்டு வாங்கோ.”

“சாருக்கு?”

“எனக்கு… அது வந்து… எனக்கும் அதேதான்.”

சமையற்கட்டிலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. நான் பயந்துகொண்டே கோமளாவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எந்த நிமிஷமும் எழுந்து ஓடுவாள் என்று, கதவோரம் கிடந்த ஸ்டூலைக் காலால் தள்ளி வைத்தேன்.

“என்ன பண்றது உனக்கு?”

“பேசாம இருங்கோ. வாசனை நன்னாருக்கு.”

ஊத்தப்பம் வந்தது. தட்டில் வாழை இலைத் துண்டு, அதன் மேல் ஓரம் சிவந்து, நடுவில் வெங்காயம் பொன்னிறமாகப் பதிந்து, ஆவி பறந்துகொண்டு. கோமளா ஒரு விள்ளல் எடுக்கக் கையை நீட்டினாள்.

பக்கத்து அறையின் பாதிக் கதவு கிரீச்சிட்டது.

“உள்ளே வா. தலையைக் குனிஞ்சுண்டு வா. யாராவது பாத்துடப் போறா.”

அப்பாவின் குரல்.

கோமளாவின் கை அந்தரத்தில் நின்றது. என் உயிரும் ஏறக்குறைய அங்கேதான் நின்றது.

“இந்த பெஞ்சியிலே யார் யார் உக்காந்துட்டுப் போனாளோ ரங்கா!” என்றது அடுத்த குரல். அம்மா.

நான் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். பாதிக் கதவில் அதுதான் முதலில் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன். கோமளா விரலை உதட்டில் வைத்து ‘மூச்’ என்றாள்.

சர்வரின் செருப்புச் சத்தம் அங்கே போய் நின்றது. ரொம்ப வேண்டியவரைப் பார்த்த உற்சாகம் அவர் குரலில்.

“வாங்க சாமி! இன்னிக்குச் சனிக்கிழமை இல்லையே? அட, மாமியையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா! சாமிக்கு வழக்கம்போல வெங்காய ரவாதானே?”



“வழக்கம்போலயா?” என்றாள் அம்மா.

“வேற யாரையோ நெனச்சுண்டு பேசறார்.”

“என்ன சாமி இப்படிச் சொல்றீங்க? சனிக்கிழமை சாயந்திரம்னா மூலை மேஜை உங்களுக்குத்தானே? நானே வேற யாரையும் உக்கார விடறதில்லையே!”

“ஏன்னா, சனிக்கிழமை கோஷ்டின்னு சொல்லுவேளே?”

“கோஷ்டிதான். கோஷ்டி முடிஞ்சப்புறம்… தொண்டை காஞ்சு போயிடறது பாரு…”

“தொண்டை காஞ்சா வெங்காய ரவாவா சாப்பிடுவா?”

கோமளா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வந்தது. அவள் சிரித்து எத்தனை வாரம் ஆயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வைராக்கியசாலி மாட்டிக்கொண்டதில் எனக்கும் சந்தோஷம்தான். நான் என் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டேன்.

“அது கெடக்கட்டும். ஆத்துலே போய்ப் பேசிக்கறேன்” என்றாள் அம்மா. பிறகு சர்வரிடம், ரொம்பத் தெளிவாக, “வெங்காய ஊத்தப்பம் ஒண்ணு கொண்டு வாங்கோ” என்றாள்.

அந்த வஸ்துவின் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாயில் போட்டால்தான்

“நிஜமாத்தான் சொல்றியா?” அப்பாவின் குரல் தழைந்திருந்தது. “உறையூருக்குன்னு கிளம்பி, பாதி வழியிலே இங்கே இழுத்துண்டு வந்தே. நான் என்னவோ ஏதோன்னு… நீ இதைச் சாப்பிடப் போறியா?”

“நான் எதுக்குச் சாப்பிடறேன்? எப்படிப் பண்றான்னு பாத்துண்டு போகத்தான் வந்தேன்.”

“பாத்துண்டு போய்?”

“பண்ணிப் போடத்தான். இன்னிக்குக் காத்தாலே அவ கிணத்தடியிலே சொன்னதைக் கேட்டேன். இந்த ஊத்தப்பம் கெடைச்சா சாப்பிடுவாளாம். அது வாயைத் தொறந்து எதையும் கேக்காத பொண்ணு. வெள்ளிக்கிழமை அவ தோப்பனார் வந்து நிக்கறதுக்குள்ளே ஒரு வாயாவது அவ வயித்துலே நிக்க வேண்டாமா?”

  

“ஆத்துக்குள்ளே வெங்காயமா?” என்றார் அப்பா.

“கொல்லையிலே தனியாக் குமுட்டி அடுப்பு போட்டுக்கறேன். தனியா ஒரு கல் வாங்கிக்கறேன். பெருமாள் கூடத்துலே எழுந்தருளியிருக்கார். கொல்லைக்கெல்லாம் வந்து எட்டிப் பாக்க மாட்டார்.”

“வீதி?”

“சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க வீதியைக் கேட்டுண்டா வந்தேள்?”

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. எங்கள் பரம்பரை வழக்கம்.

கோமளா இப்போது சிரிக்கவில்லை. தலைப்பு வாயிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. தட்டில் ஊத்தப்பம் அப்படியே இருந்தது. நான் “ஆறிடும், சாப்பிடு” என்று சைகை காட்டினேன். அவள் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் ஊத்தப்பம் வந்து சேர்ந்தது. அம்மா சர்வரை விடவில்லை.

“மாவு எத்தனை நாழி புளிச்சது? வெங்காயத்தை வதக்கிப் போடறேளா, பச்சையாத் தூவறேளா? எண்ணெய் நல்லெண்ணெய்தானே, வாசனை வேற மாதிரி இருக்கே?”

“பச்சையாத் தூவித் திருப்பிப் போடறதுதாம்மா. ஆனா வாசனையை வச்செல்லாம் பிடிபடாது. ஒரு வாய் போட்டுப் பாருங்க, அப்பத்தான் தெரியும்.”

சர்வர் போய்விட்டார்.  வெளியே யாரோ காபியை ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“வேண்டாம்னா விட்டுடு” என்றார் அப்பா. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. “நான் சாப்பிட்டுப் பாத்துச் சொல்றேன். எனக்குத்தான் பழக்கமாச்சே.”

“உங்களுக்குச் சாப்பிடத் தெரியும். பண்ணத் தெரியுமா?”

 அப்புறம், “ரங்கா, இது எனக்காக இல்லேன்னு உனக்குத் தெரியும்” என்று முணுமுணுப்பு. விள்ளுகிற சத்தம் என்று ஒன்று உண்டா, தெரியாது. எனக்குக் கேட்டது.

ஒரு இருமல். டம்ளரை வைக்கிற சத்தம். பிறகு அம்மாவின் குரல், அடுப்பங்கரையில் ருசி பார்க்கிறபோது வருகிற அதே குரல்:

“மேல்பக்கம் வெந்திருக்கு, உள்பக்கம் பாதிதான் வெந்திருக்கு. அங்கேதான் தித்திப்பு. மாவு முந்தா நாள் மாவு. ஓரத்துக்கு மட்டும் எண்ணெய் ஜாஸ்தி… பண்ணிடலாம்.”

இன்னொரு விள்ளல் எடுத்திருக்க வேண்டும். கொஞ்சம் கழித்துச் சொன்னாள்:

“எத்தனை சூடா இருக்கு! தோசையை இத்தனை சூடா நான் சாப்பிட்டதே இல்லே.”

 நான் என்ன சொல்ல முடியும்? எங்கள் வீட்டில் தோசை என்றால் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கல்லிலிருந்து நேராக எங்கள் தட்டுக்கு வரும். ‘இன்னும் முறுகலா!’ என்று கேட்போம். எல்லாரும் எழுந்து கை அலம்பிய பிறகு, கடைசி மாவை வழித்து வார்த்து எடுத்துவைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்து, இடத்தை மெழுகிவிட்டு அம்மா சாப்பிட உட்காருவாள். அத்தனை வருஷமும் அவள் தட்டில் எந்தத் தோசை இருந்தது என்று நாங்கள் பார்த்ததே இல்லை.

கோமளா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்கே போறே?” என்றேன், சத்தமே இல்லாமல்.

“பக்கத்துலே.”

“அப்பா இருக்கார்!”

“இருந்தா என்ன? அவர் இங்கே வரட்டும்” என்று பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நாச்சியாரின் அலங்காரம்

அந்தப் பக்கம் பாதிக் கதவு திறந்தது. அம்மா “ஐயோ!” என்றாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஒரு நிமிஷத்தில் அவர் தலை எங்கள் கதவுக்கு மேலே தெரிந்தது.

உள்ளே வந்து என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தை ஒழுங்கு செய்துகொண்டார். கூரையைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

“டாக்டர் என்ன சொன்னா?” என்றார்.

“பரவாயில்லைன்னு சொன்னா. உறையூர்லே கூட்டமா?”

“அவ்வளவா இல்லே. நாச்சியாருக்கு இன்னிக்கு நல்ல அலங்காரம்.”

இதைச் சொல்லும்போது அவர் காது மடலிரண்டும் சிவந்திருந்தன. இருபத்தைந்து வயசு வரைக்கும் அந்தக் காது எனக்கு எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமலே இருந்தேன்.

என் ஊத்தப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். தலையை ஆட்டி மறுத்தார். அவருடைய வெங்காய ரவாவைச் சர்வர் எங்கள் மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார். அதையும் அவர் தொடவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவர் காதைத் தடுப்போடு ஒட்டிவைத்திருந்தார். நானும் என் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.

அந்தப் பக்கம் பேச்சு தாழ்ந்த குரலில் நடந்தது.

“நீ எதுக்குடி அழறே? சாப்பிடு முதல்லே.”

“நீங்களும் சாப்பிடுங்கோம்மா. எனக்காகக் கஷ்டப்பட்டுண்டு…”

“கஷ்டமென்ன கஷ்டம்? ஒண்ணும் அவ்வளவு மோசமா இல்லே. ம்… வாயைத் தொற. மெதுவா மென்னு. அவசரமே இல்லே.”



நாங்கள் இரண்டு ஆண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு வாய் உள்ளே போனால், சரியாக எத்தனை நேரத்தில் அவள் எழுந்து ஓடுவாள் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பழகியிருந்தது. அந்த நேரம் வந்தது. அப்பாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. நான் எழுந்து ஓடத் தயாராகச் சொம்புக்குப் பதில் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தேன்.

அந்த நேரம் போயிற்று. பெஞ்சு நகரவில்லை. கதவு கிரீச்சிடவில்லை.

“தண்ணி குடி” என்றாள் அம்மா. “எப்படி இருக்கு?”

“ஒண்ணும் பண்ணலேம்மா.”

“இன்னொரு வாய்?”

“ம்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. வெங்காய ரவாவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டோம்.

வெகுநேரம் கழித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டு காலியாகிற சத்தம் கேட்டது. கோமளாவின் குரல், கொஞ்சம் வெட்கத்தோடு:

“அம்மா, இன்னொண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லேன்டி” என்றாள் அம்மா. பிறகு, தயங்கித் தயங்கி, “சொல்றதுதான் சொல்றே, ரெண்டாச் சொல்லிடு.”

கோமளா சொல்வதற்குள் அப்பா எழுந்துவிட்டார். பாதிக் கதவுக்கு மேலே தலையை நீட்டி, ஹோட்டல் முழுக்க, வாசல் வரைக்கும், தெப்பக்குளம் வரைக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டார்:

“சர்வர்! பக்கத்து ரூமுக்கு ரெண்டு வெங்காய ஊத்தப்பம்! கல்லுலேருந்து எடுத்த கையோட வரணும். ஆறிப்போய் வந்துதுன்னா நான் திருப்பி அனுப்பிடுவேன், ஆமா!”